வாகனத்திலேயே இரவு தங்குபவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறையில் பாதுகாப்பாக நிறுத்தித் தூங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தை கடைசியிலிருந்து மாசி முடியும் வரை சம்மாந்துறை, நிந்தவூர், படுவான்கரைப் பக்கம் போனால் வீதியோரம் லொறிகள் நிற்பதைப் பார்க்கலாம். நெல் அறுக்கும் வெட்டு மெசினை ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவை. பெரும்போக அறுவடை முடியும்வரை அந்தச் சாரதிக்கும் உதவியாளருக்கும் லொறிதான் வீடு. இவர்களைப் போலவே பட்டா லொறியில் பாயும் பிளாஸ்டிக் சாமானும் ஏற்றி ஊர் ஊராக விற்பவர்கள் இருக்கிறார்கள். போதனா வைத்தியசாலையில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே வானில் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நடுச்சாமத்தில் ஐஸ் ஏற்றக் காத்திருக்கும் மீன் லொறிக்காரர்களும் உண்டு.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். கடன், குடும்பப் பிரச்சினை, கட்ட முடியாத வாடகை என்று ஏதோ ஒன்றால் வீட்டை விட்டுவிட்டு, கையில் மிச்சமிருக்கும் ஓட்டோவிலோ வானிலோ படுப்பவர்கள். இவர்களைப் பற்றி ஊரில் பேச்சு எழுவதில்லை. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள். ஆபத்து அதிகம் இருப்பதும் அந்த ஆளில்லாத இடத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லும்: ஒளிந்து நிறுத்தாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள். நீங்கள் அங்கே படுத்திருப்பது இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வேறு நாடுகளில் இதை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவில் 2004இல் ஒரு தொண்டு நிறுவனம் இதைத் தொடங்கியது. தேவாலயங்கள், அரச அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்களின் வாகனத் தரிப்பிடங்கள் இரவில் சும்மா கிடக்கின்றன. அங்கே ஓரிடத்துக்குச் சில வாகனங்கள் என்று அளவோடு அனுமதித்து, விடிந்ததும் எடுக்கச் சொல்லி, கூடவே வீடு தேடிக் கொடுக்கவும் ஆள் வைத்தார்கள். நமக்கு வளவுக்குப் பஞ்சமில்லை. கோயில் வீதி, பள்ளிவாசல் முற்றம், தேவாலய வளவு, அரிசி ஆலை எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. கேட்கிறவரும் கொடுக்கிறவரும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் கேட்கிறவருக்கானது. வளவு வைத்திருப்பவர்களுக்கானது கடைசியில் வருகிறது.

படி 1: பொழுது படுமுன் இடத்தை முடிவு செய்யுங்கள்

மார்கழியில் நம் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டிய பிறகு தேடினால் நிலம் ஈரமா, மேலே என்ன மரம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாது. பிந்தினாலும் ஐந்தரைக்குள் இடத்தைப் பிடித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தனி ஆளுக்கு முதல் தெரிவு 24 மணிநேரமும் திறந்திருக்கும் பெற்றோல் ஷெட். வெளிச்சம், ஆள், கழிவறை, பெரும்பாலும் கமராவும் இருக்கும். அங்கேயே எண்ணெய் அடியுங்கள், பிறகு பம்ப் அடிக்கும் தம்பியிடம் கேட்காமல் மனேஜரிடமே கேளுங்கள். பவுசர் வந்து எண்ணெய் இறக்கும் இடத்துக்குக் கிட்ட நிற்கக்கூடாது. அடுப்பு, சிகரெட், நுளம்புத்திரி எதுவும் அங்கே ஆகாது. சத்தம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது வழிபாட்டுத் தலங்கள். குடும்பமாக இருப்பவர்களுக்கு ஷெட்டை விட இதுவே நல்லது. ஆனால் நாள் பார்த்துக் கேட்க வேண்டும். மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டிய நாட்களில் வளவில் நிற்கவே இடம் இருக்காது. உகந்தைப் பக்கம் கதிர்காமப் பாத யாத்திரைக் காலத்திலும் அப்படித்தான். பள்ளிவாசல் முற்றத்தில் வியாழன் இரவு நின்றால் வெள்ளி காலையிலேயே எடுத்துவிடுங்கள், ஜும்ஆவுக்கு வருபவர்களுக்கு அந்த இடம் தேவை. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் நிறுத்த முடியும்.

மூன்றாவது, வேலை கொடுத்தவருடைய வளவு. வெட்டு மெசின்காரர்கள் இதை ஏனோ கேட்பதே இல்லை. போடியாரிடம், அதாவது வயல்காரரிடம், வெட்டுக்கூலி பேசும்போதே "படுக்கிறதுக்கு இடம், குளிக்கக் கிணறு" என்று சேர்த்துப் பேசுங்கள். கூலி பேசி முடித்து, வயலுக்குள் மெசினை இறக்கிய பிறகு கேட்டால் வரம்பில்தான் படுக்க வேண்டி வரும்.

வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அவசரசிகிச்சை வாசலையும் அம்புலன்ஸ் திரும்பும் இடத்தையும் மறிக்கக்கூடாது. வாசலில் இருக்கும் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் வாட்டு இலக்கத்தையும் நோயாளியின் பெயரையும் சொல்லி, எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள். வாட்டிலிருந்து ராத்திரியில் ஆள் தேடினால் உங்களைக் கூப்பிட அவருக்கும் வசதி.

படி 2: கேட்கிற முறை

மட்டக்களப்புக் கோயில்களில் ஐயரிடம் கேட்டால் அவர் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரைத்தான் கைகாட்டுவார். நேரே வண்ணக்கரையோ செயலாளரையோ தேடிப் போங்கள். பள்ளிவாசல் என்றால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் நல்ல நேரம். மோதினாரிடம் சொன்னால் நம்பிக்கையாளர் சபைத் தலைவரோடு பேச வழி கிடைக்கும். தேவாலயத்தில் பங்குத்தந்தை அல்லது போதகர்.

பேச்சு நீள வேண்டியதில்லை. இந்த அளவில் இருந்தால் போதும்:

"வணக்கம் ஐயா. நான் வவுனியா, பாய் விக்கிற லொறி. ஐடிக்காட் இந்தா இருக்கு. நானும் தம்பியும் ரெண்டு பேர். ராவைக்கு மட்டும் வளவுக்குள்ள நிப்பாட்டிப் படுக்கலாமா? விடிய அஞ்சரைக்கு எடுத்திருவம்."

"மீன், இறைச்சி ஒண்டும் ஏத்தயில்லயே மகன்?"

"இல்ல ஐயா, பாயும் தலகாணியும்தான்."

"அப்ப சரி. கிணத்தடிப் பக்கம் நிப்பாட்டு, தேர்முட்டிக்கு முன்னுக்கு வேணாம். பத்து மணிக்குக் கேற்றப் பூட்டிருவம். கடைக்குப் போறண்டா இப்பவே போயிட்டு வா."

யார், எத்தனை பேர், எப்போது எடுப்பீர்கள். இந்த மூன்றையும் அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். ஒரு கைத்தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். இரவில் பொலிஸ் வந்து கேட்டால் காட்டுவதற்கு அந்த இலக்கம்தான் உங்கள் அனுமதிச் சீட்டு. மீன் ஏற்றிய லொறியைக் கோயில் வளவுக்குள் விடமாட்டார்கள், அதைப் பிழையாக எடுக்க வேண்டாம். அவர்களுக்கு ஐஸ் ஆலையும் மீன் சந்தையும்தான் சரி.

மறுத்தால் "சரி ஐயா, பக்கத்தில எங்க கேக்கலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். இடம் கொடுக்க முடியாதவர்கூட வழி சொல்வார்.

படி 3: படுக்குமுன் இடத்தைச் சுற்றி ஒருதரம் நடங்கள்

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். தென்னைக்குக் கீழே வாகனம் நிறுத்தவே கூடாது. காற்றே இல்லாத இரவிலும் தேங்காய் விழும், ஓலை மட்டை விழும். காற்றுக் காலத்தில் பனையும் காய்ந்த கிளையுள்ள பெரிய மரங்களும் அப்படித்தான்.

அப்புறம் தண்ணீர். ஐப்பசி முதல் தை வரை நம் இரண்டு மாவட்டங்களுக்கும் மழைக்காலம். மழை இங்கே பெய்யாவிட்டாலும் மேலே உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்தால் கீழே படுவான்கரை வீதிகளில் தண்ணீர் ஏறும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் வாகனத்தை விட்டுவிட்டுத் தோணியில்தான் போக வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீதிக்கு மேலே தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்கவும் வேண்டாம், கடக்கவும் வேண்டாம். இந்த மாதங்களில் வாய்க்கால் ஓரம், வாவிக்கரை, பாலத்தடி, வயல் வீதி எதிலும் இரவு தங்காதீர்கள். மதிலைப் பாருங்கள். போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு பல மதில்களில் இன்னும் இருக்கும். அந்தக் கோடு உங்கள் வாகனச் சீற்றுக்கு மேலே இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ காற்று சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் மணலில் ரயர் புதையும், உப்புக்காற்று வாகனத்தின் அடியைத் தின்னும், இரவில் குடித்துவிட்டு வருபவர்களின் தொல்லையும் உண்டு. கல்லடி, நாவலடிப் பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த மணல் திட்டில் இரவு நிறுத்துகிற ஒருவருக்கு உள்ளே போகும் வீதி எது, பாலம் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்திருக்க வேண்டும். நிலம் அதிர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள்.

யானைக்கு வருவோம். செங்கலடியிலிருந்து புல்லுமலை, மகா ஓயா போகும் வீதி, புனாணை – வெலிகந்தைப் பக்கம், லாகுகல, பொத்துவில் – பாணமை வீதி, தீகவாபிப் பகுதி. இங்கெல்லாம் காட்டோரமாக நிறுத்தித் தூங்குவது உயிரோடு விளையாடுவது. நெல், அரிசி, உப்பு, பழம், இவற்றின் வாசம் போதும், தகரமும் கதவும் யானைக்கு ஒரு பொருட்டாகவே தெரியாது. வெட்டு முடிந்து நெல் மூட்டையோடு நிற்கும் லொறியில் படுக்கவே படுக்காதீர்கள். நித்திரை வந்தால் அடுத்த ஊர்ச் சந்தி வரை ஓட்டி, கடை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். அதுவும் முடியாத அளவுக்குக் கண் சொக்கினால், இனி அந்த வீதியில் இரவு ஓட்டத்தையே வைத்துக்கொள்ளாதீர்கள். யானை கிட்ட வந்துவிட்டால் இறங்காதீர்கள், சத்தம் போடாதீர்கள், படம் பிடிக்க வெளிச்சம் அடிக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

வாகனத்தை எப்போதும் மூஞ்சி வாசலைப் பார்க்க நிறுத்துங்கள். ரிவேஸ் எடுத்து வெளியேறும் நிலை வேண்டாம். சாரதி ஆசனத்தில் சாமான் அடுக்கக்கூடாது, திறப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நித்திரைக் கலக்கத்தில் கை நீட்டினால் கிடைக்க வேண்டும்.

படி 4: உள்ளே தூங்குவது

இந்தப் படியில்தான் உயிர் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏசியைப் போட்டு, கண்ணாடியை மூடி, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனை ஏற்றும் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, நித்திரையிலேயே முடிந்துவிடும். சைலன்சரில் சின்ன ஓட்டை, மணலில் புதைந்த குழாய், பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தியது, இவற்றில் ஒன்று போதும் புகை உள்ளே திரும்ப. உங்கள் எஞ்சின் நின்றாலும் பக்கத்து வாகனத்தைப் பாருங்கள். குளிரூட்டி இயந்திரம் இரவு முழுக்க ஓடும் கூலர் லொறிக்குப் பக்கத்திலோ, கடையின் ஜெனரேற்றருக்குப் பக்கத்திலோ படுக்கக்கூடாது. கேஸ் அடுப்பும் கரி அடுப்பும் உள்ளே எரியவே கூடாது, மழை பெய்தாலும் சரி.

அப்படியானால் புழுக்கத்துக்கு என்ன செய்வது? எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்குங்கள், காற்று குறுக்கே போகும். நுளம்பு வரும், அதனால் வலை வேண்டும். தனியாகத் தைக்கத் தேவையில்லை. பழைய நுளம்பு வலையை வெட்டி, கதவைத் திறந்து மேலிருந்து போர்த்தி, கதவைச் சாத்தினால் இடுக்கில் வலை பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண்ணாடியை முழுதாகவே இறக்கலாம். தகரம் உள்ள இடத்தில் பழைய ஸ்பீக்கர்களின் காந்தமும் நன்றாகப் பிடிக்கும். நுளம்புத்திரியை வாகனத்துக்குள் கொளுத்தாதீர்கள். புகை ஒரு பக்கம், தீ இன்னொரு பக்கம். ஓட்டோவில் எஞ்சினும் பெற்றோல் தாங்கியும் பின் சீற்றுக்குக் கிட்டவே இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் பின்னேரத்திலும்தான். விடிந்த பிறகும் படுத்திருப்பவர்கள் வலையை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்.

உட்கார்ந்தபடியே இரவு இரவாகத் தூங்கினால் கால் வீங்கும், இரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. ஒரு பலகையைச் சீற்றுகளுக்குக் குறுக்கே போட்டாவது காலை நீட்டிப் படுங்கள்.

குடித்துவிட்டு சாரதி ஆசனத்தில் படுப்பதை விட்டுவிடுங்கள். யானையோ வெள்ளமோ வந்தால் உங்களால் ஓட்ட முடியாது, ஓட்டினால் அது குற்றம்.

படி 5: பொலிஸ், பத்திரங்கள், லீசிங்

இரவில் கண்ணாடியில் தட்டினால் பதறாதீர்கள். உள் விளக்கைப் போட்டு, கை தெரியும்படி எழும்பி உட்காருங்கள். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கட்டும். யார் அனுமதி தந்தார் என்று சொல்லி அந்த இலக்கத்தைக் காட்டுங்கள்.

கேட்டு நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், போக்கிடமில்லாமல் திரிபவர் என்ற பேரில் ஆளைப் பிடிக்க இடம் கொடுக்கிற சட்டம். ஒருவருடைய வளவில் அவர் அனுமதியோடு நிற்பவரை அப்படிச் சொல்வது கஷ்டம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

லீசிங் உள்ள வாகனத்தில் வாழ்பவருக்கு ஆளையே கலக்கும் பயம் ஒன்று இருக்கும், விடிய எழும்பும்போது வாகனம் கைமாறிவிடுமோ என்று. இரண்டு தவணை பிந்தியவுடன் போனை அணைத்துவிட்டு இடம் மாறி மாறி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலைக்கு உதவாது. தவணையை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், கட்டிய பற்றுச்சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். நிறுவனம் முறைகேடாக நடந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் உள்ளன. வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவச ஆலோசனை கிடைக்கும்.

படி 6: குளிப்பு, சாப்பாடு, மருந்து

கிணற்றைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். வாவியிலும் ஆற்றிலும் குளத்திலும் இருட்டில் இறங்காதீர்கள், முதலை உண்டு. வயல் வாய்க்காலில் கை கால் கழுவுகிற மெசின்காரர்கள் காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது. வயல் வேலைக்குப் போகுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் பனடோலோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிளினிக் கொப்பி வாகனத்திலேயே இருக்கட்டும். ஆனால் இன்சுலினைப் பகலில் வாகனத்துக்குள் விடாதீர்கள், வெயிலில் அது கெட்டுவிடும். தெரிந்த கடையிலோ வீட்டிலோ குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கேட்பதில் வெட்கமில்லை.

படி 7: பெண்களும் பிள்ளைகளும்

தனியாக ஒரு பெண், அல்லது பிள்ளைகளோடு ஒரு தாய், வாகனத்தில் படுக்க வேண்டி வந்தால் அது நிறுத்துமிடப் பிரச்சினை மட்டும் இல்லை. வீட்டில் அடி உதைக்குப் பயந்து வந்தவராக இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்தில் பெண் உத்தியோகத்தரிடம் பேசக் கேளுங்கள். அந்த ஒரு இரவுக்கு ஷெட்டோ வீதியோ வேண்டாம். கன்னியர் மடம், கோயில் மடம், தெரிந்த ஒரு குடும்பத்தின் வளவு, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். வாகனத்தை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவரைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள். போனில் இருப்பிடம் பகிர்வதை அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விடாதீர்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முகவரி இல்லை என்று தயங்காமல் அதிபரிடமும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசுங்கள்.

படி 8: வாகனத்திலிருந்து வெளியேறும் வழி

எல்லாக் கதவும் கிராம சேவகரிடம்தான் திறக்கிறது. கடைசியாக எந்தப் பிரிவில் பதிந்திருந்தீர்களோ அங்கேதான் உங்கள் பதிவு இருக்கும், அதை வெட்டவிடாதீர்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அப்புறம் கிராம சேவகர், பிரதேச செயலகம். இது இல்லாமல் வேறு எதுவும் நகராது.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும், 2023இல் வந்த அஸ்வெசும கொடுப்பனவு குடும்பத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வாகனத்தில் இருக்கிறோம், நமக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் கேளுங்கள், 1924 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். மனம் விட்டுப்போனால், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்தத்துக்கு 117. இவற்றை ஒரு காட்போட் மட்டையில் எழுதி சன்ஷேடில் செருகிவிடுங்கள், போனில் சார்ஜ் இல்லாமல் போகும் நாளும் வரும்.

வளவு வைத்திருப்பவர்களுக்கு

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கம், அரிசி ஆலை, யாராக இருந்தாலும் சின்னதாகத் தொடங்குங்கள். மூன்று நான்கு வாகனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நிர்வாகக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதுங்கள். ஒரு ஆள் மட்டும் நல்ல மனதில் இடம் கொடுத்தால் முதல் பிரச்சினையோடு அது நின்றுவிடும். பிரதேச பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் வேறொருவர் வாயால் கேள்விப்பட்டால் வீண் சண்டை வரும்.

செலவு பெரிதாக இல்லை. இரவு முழுக்க எரியும் ஒரு எல்ஈடி விளக்கு, பூட்டக்கூடிய ஒரு கழிவறை, தண்ணீர், குப்பைக்கு மூடியுள்ள வாளி, ஒரு பதிவுப் புத்தகம். புத்தகத்தில் திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், எத்தனை பேர், அவசரத்துக்கு யாரை அழைப்பது. இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கழிவறைத் திறப்பு ஆணியில் தொங்கட்டும், நடுராத்திரியில் காவலாளியை எழுப்பிக் கேட்க வேண்டிய நிலை பெண்களுக்கு வேண்டாம். பெண்கள், பிள்ளைகள் இருக்கும் வாகனத்துக்குக் காவலாளியின் கண்ணில் படும் இடத்தை ஒதுக்குங்கள்.

விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். வெட்டுக்காலத்தில் வருகிற பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, மது இல்லை, எஞ்சின் ஓடக்கூடாது, வெளியே அடுப்பு எங்கே வைக்கலாம், கேற் எப்போது பூட்டும். அவ்வளவுதான். கேற்றைப் பூட்டினாலும் உள்ளே ஒருவரிடம் திறப்பு இருக்க வேண்டும். நோயோ தீயோ வந்தால் காவலாளியைத் தேடி ஓடக்கூடாது.

காசு வாங்காதீர்கள். உண்டியலில் போட விரும்பினால் அது அவர்கள் விருப்பம். இன்னொன்று, படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். "நாங்கள் இடம் கொடுத்தோம்" என்று ஒரு படம் போட்ட அன்றைக்கே, தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிற அந்தக் குடும்பம் மறுபடி காட்டோரத்துக்குப் போய்விடும்.

தொழிலுக்காக வருபவரும் வீடில்லாமல் வருபவரும் ஒன்றல்ல. முதலாமவருக்கு வெளிச்சமும் தண்ணீரும் போதும். ஒரே ஓட்டோ தொடர்ந்து ஒரு வாரம் வந்தால், அதில் பாத்திரமும் பள்ளிக்கூடப் பையும் தெரிந்தால், நிர்வாகத்தில் பக்குவமான ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, "என்ன தம்பி, என்ன கஷ்டம்" என்று கேட்கட்டும். வாய் திறந்தால் படி 8இல் சொன்ன இடங்களுக்கு அவரோடு கூடவே ஒருவர் போய்வருவது நல்லது. தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள், கோயில் தலைவரோடு போனால் கதிரை போடுவார்கள். அது நியாயமில்லைதான், ஆனால் நடப்பு அப்படித்தான் இருக்கிறது.

கொடியேற்றமோ கட்டட வேலையோ வந்து வளவை மூட வேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்னரே அறிவித்து, அந்த நாட்களுக்கு ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த இன்னொரு வளவின் பெயரையும் பொறுப்பாளரின் இலக்கத்தையும் அதே பலகையில் எழுதிவிடுங்கள்.